பாவ அறிக்கையில் இல்லாத பெயர்கள்



இந்த இதழ் லெந்து நாட்களில் உங்கள் கைக்கு வருகிறது. சில வீடுகளில் கறி, மீன் நின்றிருக்கும். சில வீடுகளில் சீரியல் நின்றிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் செல்போனைத் தொடுவதில்லை என்று பிள்ளைகளோடு ஒப்பந்தம் போட்டவர்களும் இருப்பீர்கள். எல்லாம் நல்லதுதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் வருடா வருடம் நாம் விட்டுவிடும் காரியங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். அத்தனையும் நம் நாக்கையும் நம் கண்ணையும் சேர்ந்தவையாகவே இருக்கும். நாம் கறி சாப்பிடாததால் பாதிக்கப்படும் வெளியாள் கறிக்கடைக்காரர் ஒருவர்தான்.

குடியும் விபசாரமும் களவும் பாவம் என்று எந்தப் போதகரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செய்கிறவருக்கே தெரியும். சபையிலும் அதற்குப் பெயர் உண்டு, நடவடிக்கை உண்டு. தினசரி வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியோடு நம்முடனேயே ஆலயத்துக்கு வந்து உட்காரும் பாவங்கள்தான் சிக்கல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் கொலையையும் புறங்கூறுதலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். இது பெரியது, அது சிறியது என்று அவர் நடுவில் கோடு கிழிக்கவில்லை. கிழித்தது நாம். அமெரிக்கரான ஜெரி பிரிட்ஜஸ் 2007இல் இப்படிப்பட்ட மரியாதையான பாவங்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பொறுமையின்மை, நன்றியின்மை, பொறாமை, நாவின் பாவங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். படிக்க வேண்டிய புத்தகம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு, நம் மனசுக்குள்ளேயே இன்னும் ஆழமாகத் தோண்டினால் போதும் என்று ஒருவர் நின்றுவிட முடியும். அங்கேதான் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன்.

நம் கண்ணுக்குத் தப்புகிற பாவம், பெரும்பாலும் இன்னொருவர் தலையில் விழுவதால்தான் தப்புகிறது. குடித்தால் குடித்தவன் ஈரல் கெடும், பெயர் கெடும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தைப் பத்து நாள் தள்ளிக் கொடுத்தால் கொடுப்பவருக்கு எதுவும் கெடாது. ஆகவே முழங்காலில் நின்று கண்ணை மூடி எவ்வளவு நேரம் தன்னைத்தானே ஆராய்ந்தாலும் அது அகப்படாது. வலிப்பது வேறோர் உடம்பில்.

சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் தேதி பணம் வந்ததும் தசமபாகத்தைக் கவரில் போட்டு வேதாகமத்துக்குள் வைக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. நல்ல பழக்கம். வீட்டுக் கடன் தவணையை வங்கியே எடுத்துக்கொள்ளும். சீட்டுப் பணம் ஒருநாள் தாமதமானாலும் சீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். தாமதித்தாலும் யாரும் கேட்காத ஒரே கணக்கு, பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் கணக்கு. "இந்த வாரம் கொஞ்சம் டைட்டா இருக்குக்கா, திங்கட்கிழமை வாங்கிக்கோங்களேன்." "சரிம்மா." அந்த 'சரிம்மா'வுக்குப் பின்னால் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஒரு கெஞ்சல் இருக்கிறது, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு சாக்கு இருக்கிறது, சில சமயம் தினவட்டிக்கு வாங்கிய ஐந்நூறு ரூபாயும் இருக்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரைகூட உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். யாக்கோபு இன்னும் ஒருபடி மேலே போய், பிடித்துவைத்த அந்தக் கூலியே கூக்குரலிடுவதாக எழுதுகிறார். வேலையாள் 'சரிம்மா' என்று போய்விட்டாலும் கூலி சும்மா இருப்பதில்லை.

பிறரை நேசிக்கச் சொல்லும் கட்டளை இதே 19ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னே கூலி, கோள் சொல்லுதல். பின்னே எடைக்கல், படி. நாம் அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக் காலண்டரில் போட்டுக்கொண்டோம்.

கோள் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து டீயும் மிக்சரும் வரும் நேரம். "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், ஜெபத்துக்குத்தான் சொல்றேன்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "யாரு சிஸ்டர்?" "பேர் வேண்டாம்னு பார்க்கிறேன். அந்த மாடி வீடு இல்ல, போன மாசம் பொண்ணு பெட்டியோட வந்துடுச்சே..." பேர் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிடும். மருமகன் குடிப்பாராம், அல்லது இவள் பக்கம் ஏதோ இருக்கிறதாம், நகை போதவில்லையாம். பிறகு எல்லாரும் தலைகுனிந்து அந்தப் பெண்ணுக்காக உருக்கமாக ஜெபிப்பார்கள். வேடம் ஒன்றுமில்லை, உண்மையான உருக்கம்தான். அதுதான் இதில் கொடுமை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும் அவளை மூன்று பேர் கையைப் பிடித்து "நல்லாயிருக்கியாம்மா?" என்று கேட்பார்கள். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவள் தன்னை யாருக்கும் தெரியாத வேறொரு ஆலயத்துக்கு, இரண்டு பஸ் மாறிப் போவாள். "பாவம், விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாள்" என்று அதையும் ஜெபக்குறிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

தாவீது இப்படித்தான் இருந்தார். ஊரான் ஒருவனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையை நாத்தான் சொன்னபோது அவருக்கு வந்த கோபம் நிஜமான கோபம். நியாயத்தீர்ப்பும் சரியான தீர்ப்பு. அந்தப் பணக்காரன் தானே என்ற ஒரே ஒரு விஷயம்தான் தெரியவில்லை. அதை எதிரில் நின்று விரல் நீட்டிச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். சங்கீதம் எழுதுமளவுக்குத் தன் உள்ளத்தோடு பேசிப் பழகியவர் தாவீது. அவருக்கே அந்தக் கதி.

தன்னை ஆராய்வது மட்டும் ஏன் போதாது என்பதற்கு, எனக்குத் தெரிந்து குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையாரைவிட நல்ல சாட்சி கிடையாது. முற்காலத்தில் அவர்களுடைய ஆராதனையே பல நேரம் வெறும் மௌனம்தான். பாட்டு இல்லை, பிரசங்க மேடை இல்லை. உட்கார்ந்து உள்ளே பார்ப்பார்கள். போருக்குப் போக மாட்டார்கள், சத்தியம் செய்ய மாட்டார்கள், ஆடம்பர உடை உடுத்த மாட்டார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவர்களிலும் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அவ்வளவு மௌனத்திலும் அது அவர்களுக்கு உறைக்கவில்லை.

அந்தச் சபையில் ஜான் உல்மன் என்றொருவர். 1720இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். இளைஞராக மவுண்ட் ஹாலி என்ற ஊரில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் முதலாளி, தன்னிடமிருந்த கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டதாகவும், விற்பனைப் பத்திரம் எழுதும்படியும் சொன்னார். வாங்கியவர் அங்கேயே காத்திருந்தார். அவரும் அதே சபையைச் சேர்ந்த முதியவர். உல்மன் வருடச் சம்பளத்துக்கு இருப்பவர்; சொல்வது முதலாளி; வாங்குவது சபையைச் சேர்ந்த முதியவர். எழுதிக் கொடுத்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒத்ததல்ல என்று நினைக்கிறேன் என்று இரண்டு பேர் முன்னாலும் சொன்னார். சொன்னதால் உறுத்தல் கொஞ்சம் குறைந்ததே தவிர தீரவில்லை என்று பிற்பாடு தன் குறிப்பேட்டில் எழுதினார்.

அதன்பிறகு அப்படிப்பட்ட பத்திரத்துக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அடிபட்டுப் படுத்திருந்த அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் உயில் எழுதித் தரச் சொன்னார். உல்மன் அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிப் படுக்கையருகே படித்துக் காட்டினார். இந்த ஒன்றை என்னால் எழுத முடியாது, எழுதிய வரைக்கும் கூலியும் வேண்டாம் என்றார். இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். கடைசியில் அந்த மனிதர் அவளை விடுதலை செய்யச் சம்மதித்தார். 1757இல் தெற்கே மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் போனபோது, அடிமைகள் சமைத்த சாப்பாட்டை இலவசமாகச் சாப்பிட மனம் ஒப்பவில்லை. சின்ன வெள்ளிக் காசுகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொண்டு, விடைபெறும்போது வீட்டுக்காரரிடமோ அந்த அடிமைகளின் கையிலேயோ கொடுத்தார். விருந்துபசாரத்துக்குக் காசு கொடுப்பது எவ்வளவு சங்கடம் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சங்கடத்தை அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்டார். 1758இல் பிலடெல்பியாவில் கூடிய வருடாந்தரக் கூட்டம், அடிமை வைத்திருப்பவர்களின் வீடுகளுக்கு ஆளனுப்பிப் பேசத் தீர்மானித்தது. போனவர்களில் உல்மனும் ஒருவர். அடிமை வைத்திருப்பவர் சபையில் இருக்க முடியாது என்ற முடிவு வந்தது 1776இல். அப்போது உல்மன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

அவர் கண் திறந்தது மௌன ஆராதனையில் இல்லை. ஒரு பெண்ணின் தலையெழுத்தைத் தன் கையால் தாளில் எழுத வேண்டி வந்தபோதுதான்.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவதும் திருவிருந்துக்குத் தனித்தனியாக வருவதும் அன்று வழக்கமாக இருந்தது. கடிதம் வந்ததும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்களா, வேதம் வாசிக்காதவர்களா? இல்லை. இன்று பாய் விரித்துத் தனியே யாரும் உட்காருவதில்லை என்று நாம் திருப்திப்படலாம். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரைப் பற்றிப் பல வருடங்களாகப் பேச்சு நடக்கிறது. கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் 'மறுபடியும் பிறந்த' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி பிறந்தும் அதே சாதியில்தான் பிறந்தாரா என்று கேட்கத் தோன்றும். (சாதி போட்ட விளம்பரங்களை இந்த இதழ் வாங்குவதில்லை. அதற்காக எங்களுக்கு வரும் கடிதங்களை அச்சிட்டால் தனி மலரே போடலாம்.)

சரி, கண்டுகொண்ட பின் செய்ய வேண்டியது என்ன? சகேயுவைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத லெந்து கிடையாது. மரமேறியது, குள்ளமாக இருந்தது எல்லாம் வரும். அவர் மனந்திரும்பியதில் எண்கள் இருந்தன என்பதில் நாம் அதிகம் நிற்பதில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. ஏமாற்றிப் பறித்தது நாலு மடங்கு திரும்ப. ஆண்டவர் கேட்காமலே அவராகச் சொன்னார். ஆயக்காரர் அல்லவா, யாரிடம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பறிகொடுத்தவன் பெயரும் தொகையும் இல்லாமல் 'நான் பாவி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அன்றைய விருந்தை முடித்திருந்தால், எரிகோவில் அடுத்த நாள் காலை யாருக்கும் எதுவும் மாறியிருக்காது.

அதனால் இந்த லெந்து காலத்தில் வாசகர் கடிதப் பகுதியைக் கொஞ்சம் மாற்றுகிறோம். அடுத்த இதழில் தியானக் கடிதங்கள் கிடையாது. கிறிஸ்தவ வீடுகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள், வரதட்சணை கொடுத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த பெற்றோர், சபையைவிட்டு ஓசையில்லாமல் விலகிப்போனவர்கள், இவர்கள் எழுதட்டும். ஊர், பேர் எதையும் போட மாட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்பலாம். சொல்பவர் உங்கள் வீட்டில் வேலை செய்பவராகவே இருந்தால், தயவுசெய்து நடுவில் திருத்தாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்