பீட்ஸாவுக்கும் பொறுமை வேணும்!

"இத்தாலியில் வேலை பார்க்கிற என் பையன், நேப்பிள்ஸ் ஊர்ல பீட்ஸா சாப்பிட்டானாம் டாக்டர். 'முழுசா ஒண்ணு தின்னும் வயிறு லேசா இருந்துச்சும்மா'ங்கிறான். லீவுக்கு வந்தவன் இங்கே ராத்திரி பத்து மணிக்கு ஒண்ணு சாப்பிட்டுட்டு விடிய விடியப் புளிச்ச ஏப்பம்! அந்த ஊர்த் தண்ணி அப்படியா?" என்று கேட்டார் ஓர் அம்மாள்.

தண்ணீர்தான் ரகசியம் என்று நியூயார்க்கிலும் பலர் நம்புகிறார்கள். கடினநீர் மாவை இறுக்கும், மென்னீர் தளர்த்தும். வாஸ்தவம்தான். ஆனால், கைதேர்ந்தவர் பிசைகிற பக்குவத்தைச் சற்று மாற்றி அதைச் சரிக்கட்டிவிடுவார். முழுப் புகழையும் குழாய்க்குக் கொடுக்க முடியாது! என் கணக்கில் காரணங்கள் நான்கு: காலம், தீ, மண், சாப்பிடுகிற ஜனங்கள்.

முதலில் காலம். நேப்பிள்ஸ் பீட்ஸாவின் பாரம்பரியச் செய்முறையை 2010-ல் ஐரோப்பிய யூனியன் விதியாகவே பதிவு செய்தது. மாவில் சேர்வது கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஈஸ்ட் வெறும் 3 கிராம்! இரண்டு தவணையாக 6 முதல் 8 மணி நேரம் மாவு பொங்க வேண்டும். ராத்திரியே இட்லி மாவு கரைத்து வைக்கிற உங்களுக்கு இதன் அருமை புரியும். ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு அவசரப்படுத்தினால் மாவு உப்பும், பக்குவம் வராது.

அடுத்தது தீ. சித்த மருத்துவத்தில் மருந்து செய்ய தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயைத் தரம் பிரித்திருக்கிறார்கள். நேப்பிள்ஸ் விறகு அடுப்பு சாட்சாத் காடாக்கினி! சுமார் 485 டிகிரி செல்ஷியஸில் 60 முதல் 90 விநாடிகளில் பீட்ஸா வெந்துவிடும். ஓரம் உப்பும், உள்ளே ஈரம் வற்றாது. வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு சரி. அதில் பத்து நிமிஷம் கிடந்தால் மாவு வறண்டு போகத்தானே செய்யும்?

மூன்றாவது மண். மூலிகை என்றால் எந்த நிலத்தில் விளைந்தது என்று நாங்கள் பார்ப்போம். அங்கே வெசூவியஸ் எரிமலையை ஒட்டிய மண்ணில் விளையும் தக்காளி. பக்கத்துக் கசெர்த்தா, சலெர்னோ பகுதிகளின் எருமைப்பாலில் செய்த மொஸரெல்லா சீஸ். சரக்கு புதுசு என்பதால் கொஞ்சமே போதும்; ஒரு பீட்ஸாவுக்கு 80 முதல் 100 கிராம். சரக்கு சுமாராக இருக்கிற இடத்தில்தான் சீஸை மேலே மேலே அப்பி மறைக்கிறார்கள்.

கடைசியாக ஜனங்கள். நேப்பிள்ஸில் அது சாதாரண மக்களின் தெருச் சாப்பாடு. மாவு கொஞ்சம் பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். நாளைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அந்தப் பயத்தில்தான் கைத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் நிற்கிறது. 2017-ல் யுனெஸ்கோ அந்தக் கலையைப் பண்பாட்டுப் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

அதற்காக நேப்பிள்ஸ் பீட்ஸா மருந்தாகிவிடுமா? ஆகாது. அதுவும் வெள்ளை மாவு, உப்பு, சீஸ்தான். சர்க்கரை நோயாளிகளும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் அளவோடு நிற்பதே நல்லது. ஆனால், 'பீட்ஸாவே விஷம்' என்று பிள்ளைகளை மிரட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. மிரட்டினால் ஒளித்துத் தின்னும்!

அந்த அம்மாளிடம் இப்படித்தான் சொன்னேன்: "காலையிலேயே ஈஸ்ட்டைக் கிள்ளிப் போட்டு மாவு பிசைஞ்சு வையுங்க. சாயந்திரம் இரும்பு தோசைக்கல்லை ஓவனுக்குள்ளே நல்லாக் காய விட்டு, அதுமேலே மெல்லிசா போடுங்க. சீஸ் கொஞ்சமா தூவுங்க. ஏழு மணிக்குள்ளே சாப்பிட்டு முடிச்சிடுங்க. நேப்பிள்ஸ் ருசி வராது. ஆனா, பையன் ராத்திரி நிம்மதியாத் தூங்குவான்!"