பிழைத்திருத்தம் என்றால் சரியான விடையை எழுதுவதா?



சோதனைத் தாள் திரும்பக் கிடைத்ததும் நீங்கள் செய்யும் முதல் வேலை என்ன? தவறான விடையின் கீழே சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதி, ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குவது. அதற்குப் பிழைத்திருத்தம் என்று பெயர். மேருவில் அறிவியல் கற்பிக்கும் நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் கையொப்பம் போட்டு வந்தேன். அது பாதித் திருத்தம்கூட இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்பதை ஒரு கணினிப் பிழையைக் கொண்டு சொல்கிறேன்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்று கே.எல்.ஐ.ஏ. முனையம் 2இல் ஏர்ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கணினி முறை இயங்காததால் ஊழியர்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நம் நாட்டில் மட்டுமல்ல, உலகின் பல நாடுகளிலும் இதே கதை. விமான நிலையம், மருத்துவமனை, வங்கி என்று எங்கும் விண்டோஸ் கணினிகளின் திரை நீலமாகி நின்றுவிட்டது. பாதிக்கப்பட்டவை ஏறக்குறைய 8.5 மில்லியன் கணினிகள் என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது.

காரணம் வைரஸ் அல்ல. வைரஸைத் தடுக்க வந்த மென்பொருள்! அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தயாரித்த ஃபால்கன்தான் அது.

இயங்குதளத்தின் மையத்தில் கெர்னல் என்ற பகுதி இருக்கிறது. தமிழில் கருனி என்கிறார்கள். எந்தச் செயலிக்கு நினைவகத்தில் எந்த இடம், எவ்வளவு இடம் என்று ஒதுக்கித் தருவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. நீங்கள் விளையாடும் ஒரு செயலி தனக்கு ஒதுக்காத இடத்தைத் தொட்டால், கருனி அந்தச் செயலியை மட்டும் மூடிவிடும். கணினி தொடர்ந்து ஓடும். ஆனால் ஃபால்கனின் ஒரு பகுதி கருனிக்குள்ளேயே இயங்கியது. கணினியில் நடப்பது அனைத்தையும் கண்காணிக்க அந்த இடம் வசதியானது. அதே இடத்தில் தவறு நடந்தால் தடுக்க மேலே யாரும் இல்லை. தவறோடு தொடர்ந்து ஓடினால் கோப்புகள் கெட்டுப்போகலாம். ஆகவே முழுக் கணினியும் நிறுத்தப்படுகிறது. அதுதான் நீலத்திரை. அன்று அந்தத் திரையைத் திட்டாதவர் இல்லை. என்னைக் கேட்டால், கணினி நின்றது சரி. நிற்கவேண்டிய நிலைமையை உண்டாக்கியதுதான் தவறு.

அந்தத் தவறு என்ன? அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் வரிசையாக அஞ்சல் பெட்டிகள் இருக்குமல்லவா? அங்கே 20 பெட்டிகள்தாம் உள்ளன. ஆனால் தபால்காரர் கையிலுள்ள பட்டியலிலோ 21 எண்கள். 2024 பிப்ரவரியில் வெளிவந்த ஃபால்கன் பதிப்பிலும் இதே நிலைதான். ஒரு வகைக் கண்காணிப்புக்கு 21 உள்ளீடுகள் என்று வரையறுத்திருந்தார்கள். நிரல் எடுத்துக் கொடுத்ததோ 20.

ஐந்து மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதுவரை அனுப்பிய விதிகள் எல்லாம் 21ஆவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்றே இருந்தன. எதுவானாலும் சரியென்றால் பெட்டியைத் திறந்து பார்க்கத் தேவையில்லையே! சோதனைகளும் அப்படியே நடந்தன. எல்லாம் தேர்ச்சி. ஜூலை 19 அன்று போன புதிய விதி ஒன்றுதான் முதல் முறையாக 21ஆவது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னது. அங்கே பெட்டியே இல்லை. நிரல் தன் எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படிக்கப் போனது. கணினி நின்றது.

இனி, திருத்தம் எப்படி நடந்தது என்று பாருங்கள். மலேசிய நேரப்படி பகல் 12.09க்கு அனுப்பிய கோப்பை 1.27க்குத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடம்தான். இது முதல் திருத்தம். ஆனால் ஏற்கெனவே கோப்பைப் பெற்றுவிட்ட கணினிகள் திறக்கும்போதே நின்றுவிட்டதால், பலவற்றுக்குச் சரியான கோப்பை இணையம் வழியாக அனுப்ப முடியவில்லை. ஊழியர்கள் கணினி கணினியாகப் போய், பாதுகாப்பு நிலையில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழித்தார்கள். வட்டு பூட்டப்பட்டிருந்தால் முதலில் 48 இலக்கச் சாவி எண்ணைத் தட்டவேண்டும். இது இரண்டாம் திருத்தம்.

இத்தோடு விட்டிருந்தால் விமானங்கள் பறந்திருக்கும். பிழை மட்டும் உள்ளேயே தூங்கியிருக்கும். மூன்றாவது திருத்தம்தான் உண்மையானது. ஆகஸ்டு 6 அன்று அந்நிறுவனம் காரணங்களை வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. இருக்கும் எல்லைக்குள்தான் படிக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் சரிபார்ப்பை நிரலில் சேர்த்தார்கள். எல்லா உள்ளீடுகளையும் உண்மையாகவே தொட்டுப் பார்க்கும் சோதனைகளை எழுதினார்கள். புதுப்பிப்பை உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்ப முடிவு செய்தார்கள்.

‘பிற நிறுவனங்களின் நிரலைக் கருனிக்குள் விடாமல் இருந்தாலே போதுமே’ என்று சிலர் சொல்கிறார்கள். மைக்ரோசாப்டும் அந்தத் திசையில்தான் போகிறது. நல்லதுதான். சேதம் குறையும். ஆனால், பார்க்காமலே தேர்ச்சி கொடுக்கும் பழக்கம் அதனால் மாறிவிடாது.

அந்தப் பழக்கம் என்னிடமும் இருந்தது. அழுத்தம் பாடத்தில் ஒரு மாணவன் 100 சதுர சென்டிமீட்டரை 1 சதுர மீட்டர் என்று மாற்றினான். 10,000ஆல் வகுக்க வேண்டியதை 100ஆல் வகுத்துவிட்டான். சரியான விடை 0.01. சிவப்பு மையில் எழுதினான், நான் கையொப்பமிட்டேன். அடுத்த சோதனையில் அதே தவறு. இந்த முறை, “ஏன் 100ஆல் வகுத்தாய்?” என்று கேட்டேன். “ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே, சார்?” என்றான். நீளத்துக்கு அது சரி, பரப்பளவுக்குச் சரியில்லை என்பது அவனுக்குத் தெரியவே இல்லை. பழைய பயிற்சித் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். நான் கொடுத்த கணக்குகள் எல்லாவற்றிலும் பரப்பளவு சதுர மீட்டரிலேயே இருந்தது. அவனுடைய 21ஆவது பெட்டியை நான் ஒருநாளும் திறக்கச் சொன்னதில்லை. அந்தத் தாள்களில் அவனுக்கு முழு மதிப்பெண் வேறு போட்டிருந்தேன்!

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிழைத்திருத்தம் செய்யும்போது, சரியான விடைக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்த்து எழுதுங்கள். ஒன்று: இந்தத் தவறு ஏன் வந்தது? மற்றொன்று: இதற்கு முன்பே இது ஏன் அகப்படவில்லை? ‘கவனக்குறைவு’ என்று எழுதித் தப்பிக்காதீர்கள். அது ‘எதுவானாலும் சரி’ என்பதைப் போன்ற பதில்தான்.

இரண்டாவது வரிக்கு விடை தேடும்போது, சில வேளைகளில் அது உங்கள் ஆசிரியரின் பயிற்சித் தாளைக் காட்டும். மரியாதையோடு அதையும் எழுதுங்கள். என் வகுப்பில் அந்த இரண்டு வரிகளும் இல்லாத திருத்தத்துக்கு நான் இப்போது கையொப்பம் போடுவதில்லை.