பாட்டு ஊர் தாண்டும்போது பெயர் எங்கே நிற்கிறது?

அடுகோடியில் மழை பெய்தால் என் அறையில் இரண்டு இடங்களில் ஒழுகும். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் வாளியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து, உடன் தங்கியிருக்கும் தார்வாட நண்பர் சிரித்தார். "உமக்காகவே ஒருவர் அன்றே பாடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்" என்று சொல்லி, ஒரு கன்னடப் பாட்டைப் போட்டார். வீட்டுக் கூரை ஒழுகுகிறதே என்று முறையிடும் பாட்டு. எனக்குத் தெரிந்தது காய்கறிக் கடைக் கன்னடம். ஆயினும் கிதார் எழுந்ததும் என் கால் தானாகத் தாளம் போட்டது. வீடு என்றது வெறும் வீடன்று, பேணாமல் விட்ட உள்ளத்தையே பாடியிருக்கிறார் என்று நண்பர் பிறகு பொருள் சொன்னார்.

பாடியவர் ரகு தீட்சித். 2008-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பில் இருக்கிறது அந்தப் பாட்டு. இயற்றியவரோ 1819 முதல் 1889 வரை வாழ்ந்த சிசுநாள ஷரீப். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற அந்தணரைக் குருவாகக் கொண்டு, வடகன்னட நாட்டுப் பேச்சு மொழியில் பாடித் திரிந்த ஞானி. நம் சித்தர்களுக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம்! கன்னடத்தோடு இந்தியும் ஆங்கிலமும் கலந்த அந்தத் தொகுப்பு, கல்லூரி இளைஞரைக் கவர்ந்து, கடலையும் கடந்தது. 2010-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் லுங்கியும் சலங்கையுமாக நின்று பாடினார் ரகு. 2011-இல் 'சாங்லைன்ஸ்' என்ற இசை ஏடு சிறந்த புதுமுகம் என்று அவருக்குப் பரிசளித்தது.

இதை நம் மன்றக் கூட்டத்தில் சொன்னபோது ஓர் அன்பர் சீறினார். "பட்டிக்காட்டுப் பாட்டுக்குப் பட்டணத்துச் சட்டை மாட்டிவிட்டார்கள். இவர் மைசூரில் வளர்ந்து நுண்ணுயிரியல் படித்தவர். இவருக்கும் கிராமத்துக்கும் என்ன தொடர்பு?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால், ஷரீபின் பாட்டுக்குப் புதுச் சட்டை போட்டவர் இவர் ஒருவர்தாமா? சி. அஸ்வத் இசையமைத்து மேடைதோறும் பாடினார். 1990-இல் நாகாபரணா அந்த ஞானியின் வாழ்வைத் திரைப்படமாகவே எடுத்தார். சட்டை மாறியதால் ஷரீப் மறைந்துவிடவில்லை. ஏன்?

அதைத்தான் சற்று நின்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். ஷரீப் தம் பாட்டுக்களில் தம் ஊராகிய சிசுநாளத்து இறைவன் பெயரை முத்திரையாக வைத்துப் பாடினார். கிதார் வந்தாலும் டிரம் வந்தாலும் அந்த முத்திரை பாட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். பாம்பாட்டிச் சித்தர் பாம்பை அழைப்பதும், குதம்பைச் சித்தர் குதம்பையை அழைப்பதும் அப்படித்தான். கேட்டவுடனே ஆள் யார் என்று தெரிந்துவிடும். தாலாட்டுப் பாடிய தாய்க்கும், ஒப்பாரி வைத்த பாட்டிக்கும், நடவுப் பாட்டுப் பாடிய கூலிப் பெண்ணுக்கும் இந்த முத்திரை ஏது? அவர்கள் பாட்டை யாரும் எடுக்கலாம், எங்கும் விற்கலாம். அடியில் 'நாட்டுப்புறம்' என்று ஒரு சொல் போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது!

நம் நாட்டுப்புறப் பாடகர் பலர் நாடறிய ஒலித்தது திரைப்படத்தின் வழியேதான். கொல்லங்குடி கருப்பாயியை 1985-இல் 'ஆண்பாவம்' காட்டியது. பரவை முனியம்மாவை 2003-இல் 'தூள்' காட்டியது. ரகுவின் தொகுப்பு வந்த அதே 2008-இல் 'காதலில் விழுந்தேன்' படத்தில் 'நாக்க முக்க' பாட்டு வந்தது. மொழி தெரியாதவரும் ஆடினர். விளம்பரத்திலும் அது முழங்கிற்று. அதில் ஒலித்த பெண் குரல் சின்னப்பொண்ணுவின் குரல் என்று, ஆடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? படத்தின் பெயர் நிற்கும், நடிகர் முகம் நிற்கும். பாடிய ஏழைக் குரலோ அடுத்த படம் வரும்வரை வாசலில் காத்து நிற்கும். திரைப்படத்தை நான் பழிக்கவில்லை. அது கதவைத் திறந்தது. ஆனால், உட்கார நாற்காலி போடவில்லை.

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' இதை மாற்றும் என்று நம்பினோம். அது திரைப்படப் பாட்டன்று. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடினர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் பெயரை அறிவு பாட்டுக்குள்ளேயே வைத்தார். நான் சொன்ன முத்திரை இதுதான்! உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டனர். ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' ஏட்டின் அட்டையில், அந்தப் பாட்டைப் போற்றிய இடத்தில், அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கென ஓர் அட்டையை வெளியிட்டனர். 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. யார் பக்கம் நியாயம் என்று பலரும் பலவாறு பேசினர். அந்த வழக்கில் நான் புகவில்லை. எழுத்தும் படிப்பும் உடைய, தன் உரிமையைத் தானே எடுத்துப் பேசத் தெரிந்த இளைஞருக்கே இந்த நிலை என்றால், வயற்காட்டில் பாடுகிறவளுக்கு யார் பேசுவார்?

ஆகவே, பாட்டு பட்டணத்துக்கு வரட்டும், கிதாரோடும் வரட்டும். பெயரும் கூலியும் உடன் வருகின்றனவா என்பதே என் கேள்வி.

பிறரைக் கேட்கிறேனே, நான் என்ன செய்தேன்? சென்ற ஆண்டு விழாவில் நம் மன்றத்துத் தோழி ஒருவர் பாடிய தாலாட்டுக்கு அவை எழுந்து நின்று கைதட்டியது நினைவிருக்கும். தருமபுரிப் பக்கத்தில் அவருடைய ஆயா பாடிக் கேட்டுப் படித்த பாட்டு அது. நிகழ்ச்சி நிரலை எழுதியவன் நான். 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் எழுதியவனும் நானே. இந்த ஆண்டு அந்தத் தாலாட்டைக் கிதாரோடு பதிவு செய்வதாக இருக்கிறோம். பெயர் போட வேண்டுமே என்று தோழியைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஆயா என்றே அழைத்துப் பழக்கமாம். ஊருக்குப் பேசிக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.