கோயில் வாசலுக்கு ஊசி வரட்டும்
கூட்டம், கதவு, சனிக்கிழமை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கல்லங்குறிச்சி, 1.11.2021

வரும் 15-ஆம் தேதி முதல் வழக்கமான விமானங்களில் வரும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளையும் இந்தியா அனுமதிக்கிறது. தனி வாடகை விமானத்தில் வருவோருக்கு அக்டோபர் 15 அன்றே விசா திறந்துவிட்டது. முதலில் வரும் ஐந்து லட்சம் பேருக்கு விசா கட்டணம் கிடையாது என்று ஜூன் மாதமே நிதியமைச்சர் அறிவித்தார். இதற்கு நடுவே அக்டோபர் 21-இல் நாடு நூறு கோடி டோஸ் கொரோனாத் தடுப்பூசியைத் தொட்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் இன்றுதான் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார்கள். கதவுகள் எல்லாப் பக்கமும் திறக்கிற நேரம் இது. இந்த நேரத்தில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் வாசலில் பிழைக்கிற நாங்கள் எங்கள் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய்-பழத் தட்டு, துளசி மாலை, பொரி, பொம்மை விற்பவர்கள், டீக்கடைக்காரர்கள், முடியிறக்கும் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் சேர்ந்தது எங்கள் சங்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். அந்த ஐந்து லட்சம் பேரில் ஒருவரும் கல்லங்குறிச்சிக்கு வரப்போவதில்லை. நம் அரியலூர் மாவட்டத்துக்கு வெளிநாட்டவர் வந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் திரும்பிவிடுவார். எங்கள் பயணி வேறு. பெரம்பலூர், கடலூர், திருச்சி மாவட்டக் கிராமங்களிலிருந்து டாடா ஏஸில் இருபது பேராக நெருக்கியடித்து வருபவர். அறுவடையில் முதல் மரக்கால் நெல்லையோ கம்பையோ பெருமாளுக்கென்று மூட்டை கட்டி வருபவர். பிழைத்த கன்றுக்குட்டியை நேர்ந்துகொண்டபடி ஓட்டி வருபவர். இந்தக் கோயிலில் மூலவர் என்பது சிலையல்ல, ஒரு கம்பம். அந்தக் கம்பத்தைப் பார்க்கக் கால்கடுக்க நிற்கிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு. விமான நிலையத்தில் என்ன கேட்பது, எத்தனை நாள் தனிமை என்று டெல்லி யோசித்து விதி வகுத்திருக்கிறது. டாடா ஏஸில் வருகிறவரைப் பற்றி யாரும் அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை.

கோயிலை மூடியதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் மூடியது சரி. ஊரடங்கின் ஒன்பதாம் நாள், ஏப்ரல் 2, ராமநவமி. அதை ஒட்டிய எங்கள் கோயில் பெருந்திருவிழாவுக்கென்று கடன் வாங்கிச் சரக்கெடுத்த பலர் முடங்கிப் போனார்கள். அப்போதும் யாரும் கதவைத் தட்டவில்லை. அடுத்த மாதமே சென்னை கோயம்பேடு சந்தைத் தொற்று வந்தது. சந்தையில் மூட்டை தூக்கப் போன நம் பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். மே 6-ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் பதிவான 771 தொற்றுகளில் 188 அரியலூர் மாவட்டத்தில். சென்னைக்கு அடுத்த இடம் நமக்கு. அதுவரை விரல்விட்டு எண்ணிய மாவட்டம் இது. திரும்பி வந்தவர்களைக் கொலைகாரர்களைப் போல் பார்த்தது நம் ஊர்கள்தான். முள்ளை வெட்டிப் பாதையை அடைத்ததும் நாம்தான். சென்னையில் வேலையும் போய், தங்க இடமும் போய், நடந்தும் லாரி ஏறியும் வந்தவர்கள் அவர்கள். இனி எந்தத் தொற்று வந்தாலும் ஊருக்கு வருகிறவரைக் குற்றவாளியாக்கும் எந்த நடவடிக்கைக்கும் எங்கள் சங்கம் துணை நிற்காது.

2021 ஏப்ரலிலும் மூடியது சரி. ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை, 21-இல் ராமநவமி, 26 முதல் பக்தர்களுக்குக் கதவடைப்பு. இரண்டாம் ஆண்டாகத் தேர் பார்க்கக் கூட்டம் இல்லை. அந்த மே மாதத்தில் மூச்சுத்திணறலோடு திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஆம்புலன்ஸ் ஏறியவர்களில் எங்கள் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். அப்போது கோயில் திறந்திருக்க வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது.

எங்கள் மறுப்பு ஆகஸ்டுக்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதியில்லை என்றார்கள். கூட்டத்தைத் தவிர்ப்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசி சனிக்கிழமையை எந்தச் செவ்வாய்க்கிழமையாலும் ஈடு செய்ய முடியாது. செப்டம்பர் 18, 25, அக்டோபர் 2, 9 ஆகிய நான்கு சனிக்கிழமையும் கதவு மூடியிருந்தது. மக்கள் வரத்தான் செய்தார்கள். மூடிய கதவுக்கு முன்னால், தார்ச் சாலையிலேயே சூடம் கொளுத்தினார்கள். மாவிளக்குத் தட்டோடு ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். கொண்டுவந்த நெல்லை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல், மூட்டையைக் கதவோரம் சாய்த்துவைத்துவிட்டு அதைக் கும்பிட்டுப் போனவர்களும் உண்டு. உள்ளே விட்டிருந்தால் கயிறு கட்டி, இடைவெளி விட்டு, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று அனுப்பியிருக்கலாம். வெளியே நின்ற கூட்டத்துக்குக் கயிறும் இல்லை, கணக்கும் இல்லை. அக்டோபர் 14-இல் தடை நீங்கியது. 16-ஆம் தேதி கடைசிப் புரட்டாசிச் சனி. ஒரு மாதத்துக்குப் பிரிந்து வந்திருக்க வேண்டிய கூட்டம் அந்த ஒரே நாளில் வந்து இறங்கியது. எங்களுக்கு நல்ல வியாபாரம், மறுக்கவில்லை. நோய்த்தடுப்பு என்ற கணக்கில் அது தோல்வி.

அதே நாட்களில் சினிமா தியேட்டர் பாதி இருக்கைகளோடு ஓடியது. டாஸ்மாக் சனி ஞாயிறும் திறந்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோயிலைத் திறக்கச் சொல்லி அக்டோபர் முதல் வாரத்தில் பல ஊர்களில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் நாங்கள் கலந்துகொள்ளவில்லை. கோயிலுக்கு எதிராக யாரோ சதி செய்ததாக நாங்கள் நினைக்கவும் இல்லை. கிழமையைப் பார்த்துக் கதவை மூடுவது சுலபம் என்பதால் மூடினார்கள், அவ்வளவுதான்.

கிழமை அளவுகோல் ஆகாது. எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கிறது, எத்தனை பேருக்குத் தொற்று, மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்பதே அளவுகோல். அந்த அளவை மாவட்ட நிர்வாகம் வாரந்தோறும் வெளியிட வேண்டும். எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் மூடுவார்கள், எதற்குக் கீழே இறங்கினால் திறப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு டிவியில் பார்த்துச் சனிக்கிழமைச் சரக்கைத் திருப்பி அனுப்ப எங்களால் முடியாது, பூ திரும்பாது.

தாய்லாந்தில் புக்கெட் தீவை ஜூலை 1-ஆம் தேதி வெளிநாட்டவருக்குத் திறந்தார்கள். திறப்பதற்கு முன் தீவில் வாழ்கிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்காவது ஊசி போட்டுவிட வேண்டும் என்று குறி வைத்தார்கள். நாட்டின் மற்ற பகுதிகளைக் காக்கவைத்து அந்தத் தீவுக்கு மருந்தை அனுப்பினார்கள். வருகிறவரிடம் சான்றிதழ் கேட்குமுன் வரவேற்கிறவர் கையில் ஊசி ஏறியிருக்க வேண்டும் என்ற அந்த வரிசைதான் எங்களுக்குப் பிடித்தது. ஒரு புரட்டாசிச் சனியில் எங்கள் கடை ஒன்றில் தட்டு வாங்குகிறவர்கள் நூற்றுக்கணக்கில். முடியிறக்குகிறவர் ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்குத் தொற்றினால் அது ஐந்து மாவட்டத்துக்கு ஒரே மாலையில் வண்டி ஏறும்.

ஆனாலும் எங்களில் எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்றா என்றால், இல்லை. முதல் காரணம் பயம். ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். அந்தச் சாவுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக்குழு சொன்னது போன மாதம்தான். நடுவில் ஆறு மாதம் டீக்கடைப் பெஞ்சுதான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. அரசு விரைந்து பேசாத இடத்தை வாட்ஸ்அப் நிரப்பும் என்பதை அதிகாரிகள் இனியாவது கவனிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நாள். செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க நாற்பதாயிரம் இடங்களில் முதல் மெகா முகாம் நடந்தது. இருபது லட்சம் இலக்கு வைத்து 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. எங்கள் ஆட்கள் பலர் முதல் டோஸ் போட்டதும் அன்றுதான். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று, அக்டோபர் 23 முதல் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். கறி விலக்கும் புரட்டாசி முடிந்த கையோடு மாற்றினார்கள் என்பதைக் கவனித்தால் சுகாதார அமைச்சருக்கு நம் ஊர்ச் சமையலறை நன்றாகத் தெரியும் என்பது புரியும். எங்களுக்கோ வாரத்தில் காசு பார்க்கிற ஒரே நாள் சனிக்கிழமை. கடையை விட்டு முகாமுக்குப் போய் வரிசையில் நின்று, போட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்து, அன்றிரவு காய்ச்சலோடு படுத்தால் அந்த வாரம் போயிற்று.

நாளை மாற்றச் சொல்லவில்லை. இடத்தை மாற்றுங்கள் என்கிறோம். சனிக்கிழமை முகாம்களில் ஒன்றைக் கோயில் வாசலிலேயே போடுங்கள். கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கிராமத்தில் சுகாதாரச் செவிலியர் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேருக்காக வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். எங்கள் வாசலில் அந்தக் கவலை கிடையாது. முகாமுக்கு வராத கூலிக்காரக் குடும்பம் பெருமாளைப் பார்க்க வருகிறது. அங்கே கூடவே மருத்துவரும் இருந்தால் தயங்குகிறவர் கேள்வி கேட்பார், பக்கத்தில் ஒருவர் போட்டுக்கொள்வதைப் பார்ப்பார், கை நீட்டுவார். கோவிஷீல்டுக்கு இடைவெளி 84 நாள், அதாவது சரியாகப் பன்னிரண்டு வாரம். சனிக்கிழமை போட்டவருக்கு இரண்டாவது டோஸும் சனிக்கிழமையே வரும். வெளியூர்க்காரர் அதைத் தன் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த ராமநவமி 2022 ஏப்ரல் 10. ஜனவரி 1, சனிக்கிழமை முதல் டோஸ் போட்டவருக்கு மார்ச் 26-இல் இரண்டாவது. திருவிழாவுக்குப் பதினைந்து நாள் மிச்சம். அதற்குப் பிந்தினால் கோவாக்சின்தான் வழி, அதற்கு இடைவெளி 28 நாள். ஆகவே திருவிழாக் கடைகளை ஏலம் விடும்போது, கடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு டோஸ் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கோயில் நிர்வாகம் சேர்க்கட்டும். ராட்டினம் கொண்டுவரும் வெளியூர்க்காரருக்கும் அது பொருந்தட்டும். எங்கள் உறுப்பினர்களுக்கு நாங்களே அதை இன்றிலிருந்து நிபந்தனையாக்குகிறோம். எதிர்ப்பு வந்தது, வாக்கெடுத்துத்தான் முடிவு செய்தோம்.

ஆனால் பக்தர்களிடம் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்புவதை எதிர்க்கிறோம். வெளிநாட்டவரிடம் ஊசிச் சான்றும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் முடிவும் கேட்பது நியாயம். அவர் பாஸ்போர்ட்டோடு வருகிறவர். எங்கள் பாட்டிமாரிடம் பட்டன் போன்கூட இல்லை. கோவின் தளத்தில் ஒரு செல்போன் எண்ணில் நான்கு பேர் வரை பதியலாம் என்பதால், அவர்கள் சான்று திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனின் போனில் கிடக்கிறது. ஊசி போட்டவரே கதவில் தோற்றுப்போவார். போடாதவரோ நாலு ரூபாய்க்குப் போலிச் சீட்டு தேடுவார். வாசலில் காவலர் நிற்கிற இடத்தில் செவிலியர் நிற்கட்டும்.

கோயிலுக்குள்ளும் சில மாற்றங்கள் வேண்டும். 2020 செப்டம்பரில் கதவு திறந்தபோது தேங்காய், பூ, பழம் கொண்டுவரக் கூடாது என்றார்கள். கிருமி பரவுவது பெரும்பாலும் மூச்சுக் காற்றில், தேங்காயில் இல்லை. அந்தத் தடையால் எங்கள் தட்டுக் கடைகள் கோயில் திறந்தும் மூடியே கிடந்தன, உள்ளே மூடிய பிரகாரத்தில் வரிசை மட்டும் நெருக்கமாகவே நகர்ந்தது. வரிசையை வெளியே, பந்தலுக்குக் கீழே கொண்டுவாருங்கள். தானியக் காணிக்கையைத் திறந்த வெளியில் வாங்குங்கள். மாஸ்க்கை மட்டும் யாருக்காகவும் தளர்த்த வேண்டாம்.

மாதச் சம்பளம் இல்லாத அர்ச்சகர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் ஜூன் மாதம் நாலாயிரம் ரூபாயும் பத்துக் கிலோ அரிசியும் மளிகையும் கொடுத்தார்கள், வரவேற்கிறோம். வாசலில் இருக்கிறவர்களுக்கு ரேஷன் கார்டு உள்ள எல்லோருக்கும் வந்த பணம் வந்தது, அதற்கு மேல் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பத்தாயிரம் ரூபாய்க் கடன் திட்டம் நகர்ப்புற வியாபாரிகளுக்கு. அரியலூர் பேருந்து நிலையத்தில் பூ விற்றால் கிடைக்கும் கடன், சில கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊராட்சியில் அதே பூவை விற்றால் கிடைக்காது. கோயில் ஊர்களை அந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த அறிக்கையின் படிகள் மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துணை இயக்குநருக்கும் இந்து சமய அறநிலையத் துறைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் போகின்றன. தீபாவளி கழிந்து வரும் 13-ஆம் தேதிச் சனிக்கிழமை முதல் முகாமை வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. மழைக்காலம் என்பதால் தகரக் கொட்டகையாகவே போட்டுத் தருகிறோம். நாற்காலி, மின்விசிறி, குடிநீர், செவிலியர்களுக்குச் சாப்பாடு எங்கள் செலவு. ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் கொண்டுவந்த நெல் மூட்டையையும் கன்றையும் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்டோ ஓட்டுநர்களிடமும் சொல்லியாயிற்று.