தொட்டியின் கடைசி அரையடி

"செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி." ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இந்தத் தலைப்பை ஆண்டுக்குப் பலமுறை அச்சிட்டு வருகிறோம். இதன்படி கொன்றது வாயு. தொட்டியைக் கட்டியவர், மூடியைத் திறந்துவிட்டவர், கூலி பேசி இறங்கச் சொன்னவர் என எவரும் அந்த வாக்கியத்தில் இல்லை. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் பெரும்பாலும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்படுகிறது.

பாதாளச் சாக்கடையில் ஒருவர் இறந்தால் மாநகராட்சியையும் ஒப்பந்ததாரரையும் நோக்கிக் கேள்வி எழுப்ப நமக்குத் தெரியும். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் இறந்தால் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஏனெனில் அங்கே எதிர்த்தரப்பு ஒரு குடும்பத் தலைவர். "பாவம், அவருக்கு என்ன தெரியும்?" என்று ஊரே அவருக்காகப் பேசும். அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டுத் தொட்டிக்குள் செல்லும் கழிவு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. எண்ணெய்ப்பசையும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கின்றன, நடுவில் நீர், கீழே வண்டல். காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலைச் சிதைக்கின்றன. நடுவிலுள்ள நீர் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகிறது. சிதையாத வண்டல் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வரும். எனவே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் எடுத்தால் வண்டல் குழம்பாகவே இருக்கும். குழாயே எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

நடப்பதோ வேறு. "எங்கள் வீட்டுத் தொட்டி இருபது வருடமாக நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொல்வோரை எல்லா ஊரிலும் காணலாம். நிரம்பாத தொட்டி பெரும்பாலும் அடித்தளம் பூசாத தொட்டி. வெறும் உறைகளை இறக்கிய குழியாகவும் இருக்கலாம். அதிலிருந்து கழிவு நிலத்தடி நீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அல்லது வண்டல் இறுகிக்கொண்டே போகிறது. ஒருநாள் கழிப்பறை அடைத்துக்கொள்ளும்போதுதான் மூடி நினைவுக்கு வருகிறது. அந்த மூடியும் போர்டிகோ டைல்ஸுக்கு அடியில் புதைந்திருக்கும். லாரி வருகிறது, நீரை உறிஞ்சுகிறது. இறுகிய அடிவண்டல் குழாய்க்குள் வர மறுக்கிறது. அப்போதுதான் உரிமையாளர் சொல்கிறார்: "காசு கொடுக்கிறேன், அடிவரைக்கும் சுத்தமாக எடுத்துக் கொடுங்கள்."

பெரும்பாலான உயிர்கள் இந்தக் கடைசி அரையடிக்காகவே போகின்றன. பொறியியல் அதைக் கேட்கவில்லை என்பதே இதிலுள்ள கொடுமை. தொட்டியைக் கழுவித் துடைக்க வேண்டியதில்லை. நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகுவதற்காக அடியில் சிறிதளவு வண்டலை விட்டுவைக்க வேண்டும் என்பதே தொழில்நுட்ப விதி. இறுகிய வண்டலையும் நீர் பாய்ச்சிக் கலக்கி இளக்கி உறிஞ்சலாம். அதற்குக் கூடுதல் நேரமும் இன்னொரு நடை லாரிக்கான பணமும் வேண்டும், அவ்வளவே. அடிவரை வழித்தெடுக்க ஒரு மனிதரை இறக்குவது தீட்டு பற்றிய மனநிலை. அந்த மனிதர் எந்தத் தெருவிலிருந்து அழைத்து வரப்படுகிறார் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இறங்கியவர் வண்டலைக் கிளறியதும் அதற்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரேயடியாக வெளியேறுகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே முடக்கிவிடும். "நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை" என்று தோன்றும் கணமே மிக ஆபத்தானது. முகத்தில் கட்டும் துண்டு எதையும் தடுக்காது. மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார். செய்திகளில் 'இருவர்', 'மூவர்' என வருவதன் காரணம் இதுதான்.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணி தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டத்தின் பிரிவு 7, எந்த 'நபரும்' எவரையும் கழிவுநீர்த் தொட்டியின் அபாயகரமான துப்புரவில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. வீட்டு உரிமையாளரும் நபர்தான். பாதுகாப்புக் கருவிகள் தராமல் இறக்குவதே 'அபாயகரமான துப்புரவு'. கையுறைகூடத் தராதவருக்கு இதில் தப்ப வழியில்லை. முதல்முறை குற்றத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம். மரணம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை; அப்படி இறக்கியதே குற்றம்.

ஆனாலும் வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1)இன்கீழ், அதாவது கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்ற அளவில் சுருக்கப்படுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். களத்துக்குச் செல்லும் தோழர்கள் முதல் நாளிலேயே பிரிவுகள் 7, 9 ஆகியவற்றைச் சேர்க்க எழுத்தில் கோர வேண்டும். இறங்கியவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கோர வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 10 புகாருக்கு மூன்று மாதக் கெடு விதிக்கிறது. பதினாறாம் நாள் காரியம், வாரிசுச் சான்றிதழ், சமரசப் பேச்சு என அந்தக் கெடு கரைந்துபோகும். "கொஞ்சம் பணம் தருகிறார்கள், வழக்கு வேண்டாம்" என்ற பேச்சு எழுவதும் இந்த இடைவெளியில்தான்.

அந்தக் கொஞ்சம் பணம் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 2014இல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. தனியார் இடத்தில் நடந்ததற்கு அரசு ஏன் தர வேண்டும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். தனியார் குடியிருப்பு ஒன்றின் தொட்டியில் மூவர் இறந்த வழக்கில், அரசே முதலில் வழங்கிவிட்டுப் பொறுப்பானவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டிருப்பதை அவர்களிடம் காட்டலாம். அதே ஆண்டில், கையால் மலம் அள்ளியதால் எவரும் இறக்கவில்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. தொட்டி மரணங்கள் தனிக் கணக்காம்!

எந்தக் கணக்கிலும் சேராத மரணங்களும் உள்ளன. புதிதாகக் கட்டிய தொட்டியில் மலம் இருக்காது. ஆனால் மூடியிருந்த அந்த அறைக்குள் தேங்கிய நீரும் ஊறி அழுகிய பலகைகளும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டிருக்கும். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கும் கட்டடத் தொழிலாளி அங்கேயே சாய்கிறார். அது 'கட்டுமான விபத்து' என்று எழுதப்படுகிறது.

ஆகவே கேள்வியை மூடி திறக்கும் நாளிலிருந்து கட்டும் நாளுக்கு நகர்த்த வேண்டும். வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் உள்ளாட்சி அமைப்பு, லாரிக் குழாய் எட்டும் இடத்தில் தொட்டி இருக்கிறதா, அதன் மூடி திறக்கும்படி வெளியே தெரிகிறதா என்று நேரில் பார்த்த பின்பே பணி நிறைவுச் சான்று தர வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். கழிவகற்ற 14420 என்ற உதவி எண் இருப்பதை ஊராட்சிச் சுவரில் எழுதச் சொல்லலாம். விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கும் மாணவர்கள், தங்கள் கட்டடத்தின் தொட்டி கடைசியாக எப்போது திறக்கப்பட்டது, எந்த லாரி வந்தது, உள்ளே யாராவது இறங்கினார்களா என்று உரிமையாளரிடம் கேட்கலாம்.