நல்லா நடப்பேன் சார்

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து இடது கால் சூம்பியவள். இப்போது 46 வயது. பீடி சுற்றுகிறாள். மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. மருத்துவச் சான்றில் ஊனம் 35 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஓய்வூதியத்துக்கு 40 வேண்டும்.

"டாக்டர் என்னம்மா கேட்டார்?"

"நடக்க முடியுமான்னு கேட்டாவ சார். நல்லா நடப்பேன்னு சொன்னேன். நாலு எட்டு நடந்தும் காமிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாலாம் வகுப்பில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். யார் கேட்டாலும் என்னால் முடியும் என்று சொல்லு, குறையைச் சொல்லி இரக்கம் வாங்காதே என்றெல்லாம். 37 வருடம் கழித்து என் பாடம் மாதம் 1500 ரூபாயைத் தின்றுவிட்டது.

அவள் சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள். தொடையைக் கையால் அழுத்திக்கொண்டுதான் நடப்பாள். பஸ் படி ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். மழைக்காலத்தில் விழாத வாரம் கிடையாது. ஊனத்தை அளப்பதற்குத் தசை வலு, மூட்டு அசைவு என்று கணக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் "நல்லா நடப்பேன்" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறவளை, வெளியே அவ்வளவு கூட்டம் நிற்கும்போது, யார் நிறுத்தி நிதானமாக அளப்பார்கள்? டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபம் வேறு. "40 இல்லம்மா" என்று சொல்லி அனுப்பியவர்களில் ஒருவர்கூட மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்று அவளிடம் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு, சான்று தருபவரின் முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. சட்டம் வந்தபோது 7 வகை ஊனம் 21 ஆகிவிட்டது என்று எல்லோரும் பேசினோம். இந்தப் பிரிவைப் பேசினோமா?

சதவீதம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மருத்துவக் கல்லூரி இடத்துக்கான தீர்ப்பு, ஓய்வூதியத்தைத் தொடாது. நியாயம் என்னவோ ஒன்றுதான்.

தொகையையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூட்டித் தர வேண்டும் என்பது அதே சட்டம். முதியோருக்கு 1200, இவர்களுக்கு 1500 என்றால் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரு ரூபாய் கூடுதல் இல்லை! மத்திய அரசுத் திட்டத்தில் 80 சதவீத ஊனம் இருந்தால்தான் பணம். அதுவும் 300 ரூபாய், 2012இலிருந்து.

மேல்முறையீட்டு மனு எழுத உட்கார்ந்தேன். தமிழாசிரியர் புத்தி, முதலில் ஒன்றரைப் பக்கம் கட்டுரை எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் அவள் காலைத் தவிர எல்லாம் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, காலையிலிருந்து இரவு வரை அவளால் முடியாதவற்றை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதினேன். சொல்லும்போது தலை நிமிரவேயில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: வாயால் "முடியாது" என்றால் திரும்பி வராதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா, 10 ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். யாரிடம் மேல்முறையீடு என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். பழைய சிகிச்சைச் சீட்டு ஒன்றையும் தூர எறியாதீர்கள்.

வருகிற திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு அவளோடு நானும் தென்காசி போகிறேன். ஒரு நாள் பீடிக் கூலி போகும், போகட்டும். மேலநீலிதநல்லூர் பக்கம் மனு எழுத ஆள் வேண்டுமென்றால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். சான்றிதழ் நகலை மறக்காமல் கொண்டு வாருங்கள்.