ஊக்கம் பீஸ் ரேட்டில் வராது

"அரசு சுகாதார நிலையங்களில் சேவைகள் பெருகிவிட்டன, ஊழியர்களிடம்தான் ஊக்கம் இல்லை, பனியன் கம்பெனி மாதிரி பீஸ் ரேட் வைத்தால் ஒழுங்காக வேலை நடக்கும்." பனியன் தொழில் நடக்கும் சேவூர், அவிநாசி பக்கம் அடிக்கடி கேட்கும் வாதம் இது. தொழில் தெரிந்தவர்கள் சொல்வதாலேயே எடுபடுகிறது. ஆனால் தொழில் கணக்கிலேயே இது தேறாது.

ஆர்டர் இரண்டு மடங்கானால் எந்த முதலாளி இருக்கிற டெய்லர்களையே வைத்துச் சமாளிப்பார்? ஆள் எடுப்பார், மெஷின் போடுவார், ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பார். சுகாதாரத் துறையில் அப்படி நடப்பதில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பழைய கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்ப நலம், காய்ச்சல் கணக்கெடுப்பு, அத்தனையையும் கணினியில் ஏற்றுவது என்று எல்லாமே அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியர் தலையில் விழுகிறது. வேலையை மட்டும் கூட்டிக்கொண்டே போய்விட்டு, அவர் சோர்ந்தால் சோம்பேறி என்பது அநியாயம்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தது. அதற்காக வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலருக்குத் தொடக்கத்தில் கொடுத்த மாத ஊக்கத்தொகை 4,500 ரூபாய். இந்த வட்டாரத்தில் பகலில் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். ஆள் ஷிப்டில் இருப்பார். பிரஷர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் இருட்டிய பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ மறுபடி நடக்க வேண்டும். இவரிடமா ஊக்கம் இல்லை?

பீஸ் ரேட் வைத்தால் என்ன நடக்கும்? பார்த்த பிரஷருக்கு இவ்வளவு என்றால், கையில் பட்டையைச் சுற்றாமலே 120/80 என்று எழுதிவிடலாம். தையல் பிசகினால் செக்கிங்கில் பிடித்துவிடுவார்கள். பொய்யாக எழுதிய பிரஷர், அந்த ஆள் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

ஊக்கம் எங்கிருந்து வரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்று செவிலியர்களைக் கொடுத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். மக்கள் நம்பி வந்தார்கள். அங்கே சேவையோடு ஆளும் வந்தது. அதே மாநிலத்தில், 2015இல் தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு பணி நிரந்தரம் கேட்டார்கள். வேலையை வெறுத்தவர்கள் அதே வேலையில் நிரந்தரமாக இருக்க ஏன் போராடப் போகிறார்கள்?

காலிப் பணியிடத்தை நிரப்புங்கள், ஒப்பந்தக்காரரை நிரந்தரமாக்குங்கள், தன்னார்வலருக்குச் சம்பளம் என்று சொல்லத் தக்க தொகையைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் வேலை நடக்காவிட்டால் ஊழியர்களைக் கேளுங்கள், அவர்கள் பதில் சொல்லட்டும்.